சம்பந்தியம்மாவின் மேல்வரிசைப் பல்

தம்பி,

போனில் சொல்லக்கூடிய விஷயமாக இருந்தால், இந்த வயசில் நான் பேனாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க மாட்டேன். இரண்டு தடவை போன் செய்தேன். முதல் தடவை, "பேஷண்ட் சேர்ல இருக்காங்கப்பா, அப்பறம் பேசறேன்" என்றாய். இரண்டாவது தடவை நீ சாவகாசமாகத்தான் பேசினாய். நான்தான் பத்திரிகை அடித்தாயிற்றா, மண்டபத்துக்காரர் என்ன சொன்னார் என்று சுற்றி வளைத்துவிட்டு வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். வருகிற வியாழக்கிழமை, உனக்கு மாமியார் ஆகப்போகிறவர் விழுப்புரத்துக்கு வந்து உன் க்ளினிக் நாற்காலியில் உட்காரப் போகிறார். அவருடைய மேல் தாடையில் நீ மூன்று சின்னத் திருகாணிகளை இறக்கி, அவர் இப்போது போட்டிருக்கும் பல் செட்டையே அதன்மேல் மாட்டிவிடப் போகிறாய். அதற்கு முன்னால் நீ இதைப் படித்து முடித்திருக்க வேண்டும். அந்தச் செட்டில் இருப்பது யாருடைய பல் வரிசை என்று உனக்குத் தெரியாது. பாவம், அவருக்கும் தெரியாது.

நான் செய்த தொழிலை நீ அறிவாய் என்றாலும் அதில் ஒரு பக்கம் உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நீ ஆளை எதிரில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்லி வேலை செய்கிறவன். நான் எத்தனையோ பேருக்குப் பல் கட்டினேன், ஒருவர் வாயையும் பார்த்ததில்லை. விழுப்புரம், செஞ்சி, மரக்காணம் என்று அங்கங்கே இருந்த டாக்டர்கள் அளவெடுத்து, பிளாஸ்டரில் அச்சு வார்த்து, பழைய பேப்பரில் சுற்றி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார்கள். நான் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் போய் நின்று வாங்கிக்கொள்வேன். கூடவே ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். 'பெண், வயது 44, மேல் முன்பல் ஐந்து.' பெயர்கூட இருக்காது. பல் விழுவதற்கு முன்னால் அந்த அம்மாள் எப்படிச் சிரித்தாள் என்று எந்த டாக்டரும் எழுதியனுப்பியதில்லை, நானும் கேட்டதில்லை. அட்டையில் ஒட்டிக் கடையில் விற்கும் பல்லை எடுத்து மெழுகில் நட்டு, மிச்சமிருக்கும் பற்களைப் பிடித்துக்கொள்ள இரண்டு கம்பிக் கொக்கி வளைத்து, அக்ரிலிக்கில் வார்த்து, தேய்த்துப் பளபளப்பாக்கித் திரும்ப கண்டக்டரிடமே கொடுத்துவிட்டால் என் ஜோலி முடிந்தது. அது எந்த ஊரில், யார் வாயில் போய் உட்கார்ந்தது என்பது எனக்குத் தேவையில்லாத விஷயம். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இனி உன் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்கு இதுவரை சொன்னதெல்லாம் என்னைக் காப்பாற்றிக்கொள்ள வடிகட்டிச் சொன்னது. அவளுக்கு இடது பக்கம் ஒரு தெத்துப்பல் இருந்தது. முன்பல்லின்மேல் தோள் சாய்த்து நிற்பதுபோல் இருக்கும். சிரித்தால் அதுதான் முதலில் வெளியே வரும். அவளோ எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவள், அதுவும் வாய்விட்டு. அப்போது வீட்டின் முன்னறையில்தான் என் பட்டறை. பல் விஷயமாக நாலு பேர் வந்துபோகிற இடம். ஒருநாள் ஒரு டாக்டரிடம் வேலை பார்த்த ஆள் வெளியே போகும்போது, "ஊருக்கெல்லாம் பல்லு கட்றாரு, பொண்டாட்டி பல்லப் பாரு" என்று சொல்லிக்கொண்டு போனான். அது என் காதில் விழுந்தது. அவனை விட்டுவிட்டேன், அவளிடம் போனேன். "வாய மூடிக்கினு சிரியேன். நாலு பேரு வர்ற எடம்" என்றேன். அவள், "வாய மூடிக்கினா அப்பறம் அது இன்னாங்க சிரிப்பு?" என்றாள். ஆனால் மறுநாளிலிருந்து சிரிப்பு வந்தால் இடது கையால் முந்தானையை எடுத்து வாயை மறைத்துக்கொண்டாள். வலது கையில் எப்போதும் நீ இருப்பாய்.

அதோடு விட்டேனா என்றால் இல்லை. தொண்ணூற்று மூன்றில், உனக்கு மூன்று வயது நடக்கும்போது, "ரெண்டு பல்லுதான். எடுத்துட்டு நேர் வரிசையா நானே கட்டித் தர்றேன், ராணி மாரி இருப்பே" என்று நச்சரித்து அழைத்துக்கொண்டு போனேன். சொத்தை இல்லாத, ஆட்டம் இல்லாத, கல்போல இருந்த இரண்டு பற்கள். எனக்கு வேண்டிய டாக்டர் என் வார்த்தைக்காக எடுத்துவிட்டார். எடுப்பதற்கு முன்னால் தொழில் வழக்கப்படி அவள் வாயை அச்சு எடுத்து வைத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டே வந்தாள். நான் கட்டிக் கொடுத்த செட்டு, என் கையிலிருந்து வந்ததிலேயே நேர்த்தியானது. அவளுக்கு அது ஒட்டவே இல்லை. "வாய்ல வேற யாரோ குந்திக்கினு இருக்கற மாரி இருக்குங்க" என்பாள். வேலை ஓய்ந்ததும் கழற்றி ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுவிடுவாள். அதற்குப் பிறகு அவள் முந்தானையால் வாயை மறைக்கவில்லை. மறைக்க எதுவும் இல்லாமல் போயிற்று. அவள் சிரிப்பதையே விட்டுவிட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து மஞ்சள் காமாலை முற்றிப் போய்ச் சேர்ந்தாள். குளிப்பாட்டிய பெண்கள் அந்தச் செட்டைக் கழற்றித் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் அவளுடைய டம்ளரிலேயே போட்டு வைத்தேன். நீ வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா வாயி இங்கதான கீது, அம்மா மட்டும் எப்டிப்பா போனாங்க?" என்று கேட்டாய். அன்றைக்கே அதை எடுத்துக்கொண்டு போய் ஏரியில் எறிந்தேன். வீட்டில் இருந்த ஒரே கல்யாண போட்டோவில் அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருக்கிறாள். பத்தாவது படிக்கும்போது அதைப் பார்த்துக்கொண்டே, "அம்மா சிரிச்சா எப்டிப்பா இருப்பாங்க?" என்று கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? "ஒன்ன மாரிதான்" என்று சொன்னேன். பொய். உனக்கு வாய்த்தது என் பல்.

அவள் போன சில மாதங்களில் வழக்கம்போல ஒரு சீட்டு வந்தது. 'பெண், வயது 30.' மெழுகில் பல்லை நட்டு முடித்து, எட்ட வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் இரண்டாவது பல், முன்பல்லின்மேல் தோள் சாய்த்து நின்றது. நான் நினைத்துச் செய்யவில்லை. பிடுங்கி நேராக நடுவதற்குக் கத்தியை எடுத்தேன், கை வரவில்லை. அப்படியே அனுப்பிவிட்டேன். திட்டு வரும் என்று காத்திருந்தால், "கட்டுன பல்லுன்னு யாராலயும் சொல்ல முடியலப்பா, இனிமே இப்டியே போடு" என்று டாக்டர் சொல்லியனுப்பினார். அதற்குப் பிறகு தெரிந்தேதான் செய்தேன். அலமாரியிலிருந்து உன் அம்மாவின் அச்சை எடுத்து முன்னால் வைத்துக்கொள்வேன். சீட்டில் ஆண் என்றிருந்தால் நேர் வரிசை. பெண் என்றிருந்தால் அவள் வரிசை. ஏதோ பாவம் கழிப்பதாக நினைப்பு. அவளிடமிருந்து பிடுங்கியதை ஊரெல்லாம் நட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்களில் ஒருத்தியிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதலில் பார்த்தது மரக்காணம் போகிற பஸ்ஸில். மீன் கூடையோடு ஏறிய ஒரு கடலோரத்துப் பெண், கூடைக்கு லக்கேஜ் கேட்ட கண்டக்டரோடு சண்டை பிடித்துவிட்டு, அவர் ஏதோ சொல்ல, சிரித்துவிட்டாள். அந்தப் பல். நான் நட்ட வரிசை. அதைவிட, அவள் சிரித்த அதே நொடியில் அவளுடைய இடது கை முந்தானையை எடுத்து வாயை மூடியது. நான் எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஏம்மா மறைக்கறே, பல்லு நல்லாத்தான இருக்குது?" என்று கேட்டேன். பைத்தியக்காரன் என்று நினைத்திருப்பாள். ஆனாலும் பதில் சொன்னாள். "இன்னான்னே தெரிலங்க. பல்லு கட்டிக்கினதுலேர்ந்து சிரிச்சா கை தானா வாய்க்குப் போவுது. எனுக்கு எல்லாத்துக்கும் சோத்துக்கைதான், இதுக்கு மட்டும் பீச்சாங்கை போவுது. ஒரே பேஜாரு." நான் இறங்க வேண்டிய இடத்துக்கு முன்பே இறங்கி வெயிலில் நடந்தேன்.

செட்டு லேசாக ஆடியிருக்கும், விழுந்துவிடுமோ என்ற பயத்தில் கை போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கம்பிக் கொக்கி நாளாக நாளாகத் தளரும், அது நம் தொழிலில் யாருக்கும் தெரிந்ததுதான். அப்புறம் ஒரு பிரதோஷத்துக்குத் திருவாமாத்தூர் போயிருந்தேன். பிராகாரத்து நிழலில் உட்கார்ந்து மூன்று பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சைப் பார்த்தால் மூன்று பேரும் மூன்று ஊர். ஒருத்தி என்னவோ சொன்னாள். மூன்று இடது கைகள் ஒரே நேரத்தில் எழுந்து மூன்று வாய்களை மூடின. நான் சாமி பார்க்காமல் திரும்பிவிட்டேன். இதையெல்லாம் யாரிடம் சொல்வது? பல்லை நான் அச்சைப் பார்த்து நட்டேன், ஒப்புக்கொள்கிறேன். கையை நான் அச்சு எடுக்கவில்லையே. அது எப்படிப் போய்ச் சேர்ந்தது?

அந்த அச்சும் இப்போது பழைய அச்சு இல்லை. எடுத்து எடுத்துப் பார்த்து முனை மழுங்கிவிட்டது. ஒருதடவை கீழே விழுந்து அந்தத் தெத்துப்பல்லே உடைந்தது. ஞாபகத்திலிருந்து பிளாஸ்டர் வைத்து ஒட்டினேன். அதில் அவள் எவ்வளவு, நான் எவ்வளவு என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்தக் கை மட்டும் மழுங்கவே இல்லை. சீட்டு வர வர, புதுப்புதுப் பெண்களிடம் அதே வேகத்தில்தான் எழுந்தது.

போன மாதம் கண்டமங்கலத்தில் உனக்கு நிச்சயம். நீ செல்வியைப் பார்த்துக்கொண்டிருந்தாய், அது உன் வயசு. நான் அவளுடைய அம்மாவைப் பார்த்தேன். தாம்பூலம் மாற்றும்போது யாரோ கேலி செய்ய, சம்பந்தியம்மா சிரித்தார். இடது கை முந்தானையோடு வாய்க்குப் போயிற்று. நான் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "தப்பா நெனச்சிக்காதீங்க சம்பந்தி, இந்தப் பல் செட்டு போட்டதுலேர்ந்து இப்டி ஒரு கெட்ட பழக்கம். கழண்டு விழுந்துடுமோன்னு பயமா இருக்கும்போல" என்றார். உடனே நீ டாக்டர் ஆகிவிட்டாய். "கவலையே படாதீங்க அத்த. மினி இம்ப்ளான்ட்னு ஒன்னு இருக்குது. தீக்குச்சி தடிமன்தான். தலையில குண்டூசி மாதிரி ஒரு உருண்டை. ஒங்க பழைய செட்டையே உள்பக்கம் லேசா தோண்டி, ரப்பர் வளையம் வச்சு அதுமேல ஒக்கார வச்சுட்டா டிக்குனு புடிச்சுக்கும். வேணும்னா கழட்டிக் கழுவிக்கலாம். அப்பறம் கையே தேவப்படாது" என்றாய். எல்லோருக்கும் பெருமை. அவர் உள்ளே போய்ச் செட்டைக் கழற்றிக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார். நீ அதை என் உள்ளங்கையில் வைத்து, "தோண்டறதுக்கு எடம் இருக்குதா பாருங்கப்பா" என்றாய். கொக்கியோரம் உள்பக்கத்தில் நான் அடையாளத்துக்குப் போடுகிற சின்னக் கீறல் இருந்தது. குழாய்த் தண்ணீரில் கழுவி வந்த பிறகும் அது வெதுவெதுப்பாக இருந்தது, தம்பி. இடம் இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

திரும்பி வரும்போது காரில் நீ சொன்னதை மறந்திருக்க மாட்டாய். "அவங்க சிரிச்சப்போ ஏன்னே தெரியலப்பா, எங்கியோ பாத்த மாதிரியே இருந்துச்சு." நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எப்படிச் சொல்வது? விஷயம் தெரிந்தால் அவர்கள் வீட்டில் என்ன நினைப்பார்கள்? செத்துப்போன சம்பந்தியின் வாயைத் தன் வாயில் வைத்துக்கொண்டு, மகளை அந்த வீட்டுக்கே அனுப்ப எந்தத் தாய் சம்மதிப்பாள்? உன் கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்தேன். இப்போதும் அந்தப் பயம் போகவில்லை. அதனால்தான், செட்டு கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் கை தானாக நின்றுவிடும், யாருக்கும் எதுவும் தெரியவேண்டியதில்லை என்று நானும் உன்னைப்போலவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படி இருக்க முடியாது என்பது என் வாயிலேயே தெரிந்துவிட்டது. போன வருஷம் நீ எனக்கு இரண்டு திருகாணி இறக்கினாயே, "மொத கேஸு நீங்கதான்பா, ஒங்க மேலதான் ட்ரையல்" என்று சிரித்துக்கொண்டே. மாட்டியது நானே எனக்குக் கட்டிக்கொண்ட செட்டு. ஆண் செட்டு, நேர் வரிசை. நன்றாகத்தான் கடித்துச் சாப்பிட்டேன், பெரிமுக்கல்லிலிருந்து ஒரு சிநேகிதர் கொண்டுவந்த வறுத்த மல்லாட்டைக் கடலையைக்கூட. அதை உன்னிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். நிச்சயம் முடிந்த வாரத்தில் ஒரு காலையில் ஷேவ் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்துப் பல்லைக் காட்டினேன். இடது பக்கம் இரண்டாவது பல் திரும்பி, முன்பல்லின்மேல் தோள் சாய்த்து நின்றது. நான் அப்படி நடவே இல்லை. இல்லை, நட்டுவிட்டு இத்தனை நாள் கவனிக்காமல் இருந்தேனோ, தெரியாது. அன்று சாயங்காலம் டீக்கடையில் யாரோ எதையோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். என் இடது கை தோள் துண்டின் நுனியை எடுத்துக்கொண்டு வாய்க்கு வந்தது.

நீ இறக்கிய திருகாணி ஒரு மயிரிழைகூட அசையவில்லை. நீ சுத்தமான வேலைக்காரன், உன்மேல் குற்றமில்லை. ஆட்டத்தால்தான் கை போகிறது என்ற சமாதானம் அன்றோடு போயிற்று. 'வாய்ல வேற யாரோ குந்திக்கினு இருக்கற மாரி' என்று அவள் சொன்னது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. கழற்றினால் கழன்றுவிடும், நீதான் கழற்றவும் சொல்லிக்கொடுத்தாய். கழற்றும்போது டிக் என்று வருகிறதே, அது அவள் என்மேல் சலிப்பு வந்தால் நாக்கை மேலண்ணத்தில் தட்டும் சத்தம். அதற்குப் பயந்துகொண்டு சில நாள் கழற்றாமலே இருந்துவிடுகிறேன். கொக்கியில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண்களின் கை எழுந்தது. எலும்பிலேயே பிடித்துவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்த பிறகும், சம்பந்தியம்மாவை உன் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு நான் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்க முடியாது.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. புதன்கிழமையே கண்டமங்கலம் போ. செல்வியையும் அவள் அம்மாவையும் உட்காரவைத்து இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு. கல்யாணம் நிற்பதாக இருந்தால் நிற்கட்டும். அந்தப் பழி என்மேல் விழட்டும், நான் எதிர்த்துப் பேச மாட்டேன். அவர்கள் பொறுத்துக்கொண்டால், திருகாணியை இறக்கு, நல்ல வைத்தியம் அது. ஆனால் அந்தப் பழைய செட்டைத் தோண்டி மாட்டாதே. அவர் சின்ன வயதில் தன் சொந்தப் பல்லோடு சிரித்த போட்டோ வீட்டில் எங்காவது இருக்கும். செல்வியைத் தேடச் சொல். அதைப் பார்த்து, அவர் வரிசையிலேயே, எப்படிக் கோணலாக இருந்தாலும் அப்படியே, வேறு ஆளிடம் புதுச் செட்டு கட்டச் சொல். எப்படி வேண்டும் என்று அவரைக் கேள். நான் இத்தனை வருஷத்தில் ஒருத்தியையும் கேட்கவில்லை. அந்தக் கல்யாணம் உனக்கு நடந்தால் அப்பா சொல்லும் புத்தி இதுதான்: உன் பெண்டாட்டி எப்படிச் சிரித்தாலும் நீ வாயைத் திறக்காதே. ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசிவிட்டுப் போவார்கள், வீட்டுக்குள் அவளோடு இருக்கப்போவது நீதான்.

என் செட்டை மாற்ற வேண்டும் என்று வராதே. அது எனக்கு இருக்கட்டும். கை எழும்போதெல்லாம் எழட்டும். நான் சொன்ன வார்த்தைதானே அது, என்னிடமே திரும்பி வந்திருக்கிறது.

கடைசியாக ஒன்று. இதைக் கேட்க எனக்கு உரிமை கிடையாது, அதனால் உத்தரவாக எழுதவில்லை. புதுச் செட்டு தயாராகி, பழையதைக் கழற்றுவதற்கு முன்னால், சம்பந்தியம்மா மனசார ஒப்புக்கொண்டால் மட்டும், ஒரே ஒருமுறை அவரைச் சிரிக்கவைத்துப் பார். ஏதாவது கேலி பேசு. உனக்கு அது வராது, செல்வியைப் பேசச் சொல். அவருடைய இடது கை மேலே வரும். வலிக்காமல் அதைப் பிடித்துக்கொள். முந்தானை வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள். பத்தாவது படிக்கும்போது நீ கேட்டாயே, அம்மா சிரித்தால் எப்படி இருப்பாள் என்று. அப்படித்தான் இருப்பாள்.

அப்பா